சாப்பாட்டு இடைவேளையை நிர்ணயிப்பது எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரச் சிறு நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நூறு பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் பட்டறை, மாங்கூழ் ஆலை, ஆயத்த ஆடை யூனிட், கிரானைட் பாலிஷ் கூடம், ஜவுளிக்கடை ஆகியவற்றில் நேரப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அது முதலாளியின் மகனாக இருக்கலாம், ஹெச்.ஆர். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆளாக இருக்கலாம், லைனிலிருந்து சூப்பர்வைசராக உயர்ந்தவராகவும் இருக்கலாம். மூவரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் ஒரு நேரத்தை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் யார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என்பதைப் பிறகு யோசிக்கிறார்கள். ஒட்டிய நேரம் நிற்காமல் போனதும், "வேலையைப் பார்த்துச் சொல்கிறேன், அப்போது போ" என்று நாள்தோறும் வாய்மொழியாக முடிவு செய்யத் தொடங்குகிறார்கள். சச்சரவு அங்கேதான் பிறக்கிறது.

சாப்பாட்டு நேரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு. ஆனால் நிர்ணயித்து அறிவித்த பிறகு அந்த நேரம் தொழிலாளியைப் போலவே நிர்வாகத்தையும் கட்டுப்படுத்தும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஷிப்ட் வாரியாகவும் வேலை வாரியாகவும் ஆட்களின் பட்டியல் வேண்டும்; கான்ட்ராக்ட் ஆட்களும் பயிற்சியாளர்களும் இதில் அடங்க வேண்டும். இப்போது ஒட்டியிருக்கும் வேலை நேர அறிவிப்பின் நகல், கடந்த மாதத்தின் வருகைப் பதிவு, ஓவர்டைம் பதிவு, நிலையாணைகள் (நிறுவனத்தின் பணி நிபந்தனைகளைத் தொகுத்த விதிகள்) இருந்தால் அவற்றின் பிரதி ஆகியவை வேண்டும். சாப்பாட்டு இடத்தின் இருக்கைகளையும் கை கழுவும் குழாய்களையும் எண்ணி எழுதிய ஒரு தாளும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். நான்காம் படிக்கு வரும்போது அது எவ்வளவு தேவை என்பது தெரியும்.

1. உங்கள் இடத்துக்கு எந்தச் சட்டம் என்று முதலில் தீர்மானியுங்கள்

இதை முதலில் செய்யக் காரணம் எளிது. தொழிற்சாலைக்கும் கடைக்கும் இடைவேளையின் அளவே வேறு. தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த அளவு இது: எந்தவொரு வேலைப் பகுதியும், அதாவது இடைவேளையின்றித் தொடரும் வேலை நேரமும், ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு இடைவேளை கிடைத்திருக்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 கடை ஊழியர்களுக்கு வகுத்த அளவு நான்கு மணி நேர வேலை, அதற்கு ஒரு மணி நேர இடைவேளை. ஒரே முதலாளிக்குப் பின்புறம் தையல் கூடமும் முன்புறம் விற்பனைக் கடையும் இருந்தால் இரண்டு அளவுகளும் ஒரே வளாகத்தில் பொருந்தலாம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. அந்தத் தொகுப்பு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பைத் தானே வைத்துவிட்டு, இடைவேளையின் அளவையும் நாள் முழுவதும் எத்தனை மணி நேரத்துக்கு விரியலாம் என்பதையும் அரசின் அறிவிக்கைக்கு விட்டிருக்கிறது. தொழிற்சாலை என்று கொள்வதற்கான ஆள் எண்ணிக்கையும் மாறியிருக்கிறது: மின்சக்தியோடு இயங்கும் இடத்தில் முன்பு 10 பேர், இப்போது 20, மின்சக்தி இல்லாத இடத்தில் முன்பு 20, இப்போது 40.

ஆகையால் உங்கள் பகுதிக்குரிய தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநரக அலுவலகத்தில், உங்கள் ஆள் எண்ணிக்கையைச் சொல்லி, இன்றைய தேதியில் பொருந்தும் விதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியின் கணக்குகள் 1948ஆம் ஆண்டின் அளவை வைத்துப் போடப்பட்டவை. அறிவிக்கை வேறு எண்ணைச் சொன்னால் எண்களை மட்டும் மாற்றினால் போதும். படிகளின் வரிசை மாறாது.

2. கடிகாரத்தில் இரண்டு எல்லைக் கோடுகளைப் போடுங்கள்

"ஐந்து மணி நேரத்துக்குள் சாப்பிட அனுப்பிவிட்டால் போதும்" என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அது பாதிக் கணக்கு. எந்த வேலைப் பகுதியும் ஐந்து மணியைத் தாண்டக் கூடாது என்பதால், சாப்பாட்டுக்குப் பின்னுள்ள பகுதிக்கும் அதே வரம்பு உண்டு. மிகத் தாமதமாக அனுப்புவது எப்படித் தவறோ, மிகச் சீக்கிரம் அனுப்புவதும் அப்படியே தவறாகிவிடும்.

காலை 8:30க்குத் தொடங்கி மாலை 5:00க்கு முடியும் ஜெனரல் ஷிப்ட்டை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலை, அரை மணி நேர இடைவேளை. தொடக்கத்திலிருந்து ஐந்து மணி நேரம் எண்ணினால் 1:30 வரும். அதுவே பிந்திய எல்லை. முடிவிலிருந்து ஐந்து மணி நேரம் பின்னோக்கி எண்ணினால் 12:00 வரும். அதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடக் கூடாது என்பதால் 11:30 முந்திய எல்லை. ஆக, 11:30க்கும் 1:30க்கும் இடையில்தான் இடைவேளை தொடங்க முடியும். 11:00 மணிக்கே ஒரு பேட்ச்சை அனுப்பினால் அவர்கள் 11:30 முதல் 5:00 வரை ஐந்தரை மணி நேரம் தொடர்ந்து நிற்க வேண்டி வரும்.

காலை 6:00 முதல் பகல் 2:00 வரையிலான ஷிப்ட்டுக்கு இதே முறையில் கணக்கிட்டால் 8:30க்கும் 11:00க்கும் இடையில் இடைவேளை தொடங்க வேண்டும். அது சோற்று நேரம் அல்ல, டிபன் நேரம். அதனால்தான் முதல் ஷிப்ட்டுக்கும் ஜெனரல் ஷிப்ட்டுக்கும் ஒரே சாப்பாட்டு நேரத்தை வைக்க முயல்பவர்கள் எப்போதும் தோற்கிறார்கள்.

பத்து நிமிட டீ நேரங்கள் இரண்டையோ மூன்றையோ கூட்டி அரை மணி என்று காட்டுவது செல்லாது. இடைவேளை ஒரே தொடராகக் குறைந்தது அரை மணி இருக்க வேண்டும்.

3. எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று பிரியுங்கள்

எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போவதே எளிய ஏற்பாடு. அது முடியாது என்று முதலாளி சொல்லும்போது, ஏன் முடியாது என்பதை இயந்திரம் இயந்திரமாகக் கேளுங்கள். "லைன் நிற்கக் கூடாது" என்பது பல இடங்களில் பழக்கத்தால் வந்த பேச்சு. இயந்திரத்தின் கட்டாயம் அதில் கொஞ்சம்தான் இருக்கும்.

உண்மையாகவே நிற்க முடியாதவை உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலையில், மே முதல் ஜூலை வரை பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் நாட்களில், கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கிப் பைகளில் நிரப்பும் பகுதியை இடையில் நிறுத்தினால் குழாயில் தங்கிய கூழ் கெடும். கழுவிச் சூடேற்றி மறுபடி தொடங்க நெடுநேரம் பிடிக்கும். பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரத்தில் உருகிய பொருள் பீப்பாயிலேயே அதிக நேரம் கிடந்தால் கருகும். இத்தகைய இடங்களுக்கு மாற்றாள் வேண்டும்.

அதே ஆலையில் மாங்காயைத் தரம் பிரிக்கும் மேசையும், டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் இடமும் அரை மணி நின்றால் எதுவும் கெட்டுப்போகாது. அவற்றையும் "லைன்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவதால்தான் மாற்றாள் தேவை பெருத்துத் தெரிகிறது. ஒவ்வொரு வேலையிடத்துக்கும் எதிரே 'நிற்கலாம்', 'பாதி வேகத்தில் ஓடலாம்', 'நிற்கக் கூடாது' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மூன்றாவது வகையில் எதிர்பார்த்ததைவிடக் குறைவான இடங்களே தேறும்.

4. அரை மணி எங்கே கரைகிறது என்று அளந்து பாருங்கள்

அறிவிப்பில் அரை மணி இருக்கும். சாப்பிட உட்கார்ந்த ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் கிடைத்திருக்கும். எஞ்சியது எங்கே போயிற்று என்று தெரியாமல் "ஆட்கள் தாமதமாக வருகிறார்கள்" என்று மெமோ கொடுப்பதில் பயனில்லை.

குழாய்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறுபது பேர், நான்கு குழாய்கள் என்றால் குழாய்க்குப் பதினைந்து பேர். வெறும் தண்ணீரில் இருபது நொடியில் கை கழுவும் இடமானால் கடைசி ஆளுக்கு ஐந்து நிமிடம் போகும். லேத் பட்டறையில் கட்டிங் ஆயிலும் கிரீஸும் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ ஆளுக்கு ஒரு நிமிடம் ஆகும். அங்கே கடைசி ஆள் குழாயை விட்டு நகரும்போது பதினைந்து நிமிடம் போயிருக்கும். இதற்குப் பிறகு டிபன் பாக்ஸ் அடுக்கிய அலமாரியருகே நெரிசல், இருக்கைக்குக் காத்திருப்பு, திரும்பும்போது மறுபடி கை கழுவல்.

ஒரே ஒரு பயோமெட்ரிக் இயந்திரத்தில் சாப்பாட்டுக்குப் போகவும் வரவும் விரல் வைக்கச் சொல்வது இந்த நெரிசலை இரட்டிப்பாக்கும். ஆளுக்கு ஐந்து நொடி என்றாலும் அறுபது பேருக்கு ஐந்து நிமிடம் வரிசை நிற்கும். எண்ணெய்க் கையில் ரேகை பதியாமல் மூன்று முறை வைப்பவர்கள் தனி. சாப்பாட்டு நேரத்துக்கு பேட்ச் வாரியாகச் சூப்பர்வைசர் குறிக்கும் ஒரு தாளே போதுமானது.

அளந்த பிறகு இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். குழாயையும் இருக்கையையும் கூட்டலாம், அல்லது இடைவேளையை நாற்பது நிமிடமாக்கலாம். குழாய் போடுவதுதான் மலிவு; ஆனாலும் நான் பார்த்த முதலாளிகளில் பலர் பிளம்பரை அழைக்கத் தயங்கி, நாள்தோறும் வாக்குவாதத்துக்கு நேரம் செலவிடுகிறார்கள்.

இடைவேளை எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். மாற்றாள் வந்து நின்று, தொழிலாளி இடத்தைவிட்டு நகரும் கணம் தொடக்கம். திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கும் கணம் முடிவு. மணி அடித்ததைத் தொடக்கமாக வைத்தால், மாற்றாள் ஏழு நிமிடம் தாமதமாக வரும் நாளில் அந்த ஏழு நிமிடமும் சாப்பிடுபவரின் கணக்கில் போய்விடும்.

5. பேட்ச் பிரியுங்கள், மாற்றாளின் சாப்பாட்டை மறக்காதீர்கள்

நிற்கக் கூடாத இடங்களில் 24 பேர் இருப்பதாகக் கொள்வோம். நான்கு பேட்ச் என்றால் பேட்ச்சுக்கு ஆறு பேர். ஆகவே மாற்றாளும் ஆறு பேர். ஒப்படைக்க இடையில் ஐந்து நிமிடம் விட்டால் பேட்ச்கள் 11:30, 12:05, 12:40, 1:15 மணிக்குத் தொடங்கும்; கடைசிப் பேட்ச் 1:45க்குத் திரும்பும். நான்குமே இரண்டாம் படியில் போட்ட எல்லைக்குள் அடங்குகின்றன.

இப்போது மாற்றாட்களைப் பாருங்கள். அவர்கள் 1:50க்குத்தான் சாப்பிடப் போக முடியும். அவர்களும் 8:30க்கே வந்தவர்களானால் அப்போது ஐந்து மணி இருபது நிமிடம் ஆகியிருக்கும். விதி மீறல் அங்கே நேர்கிறது. வரைந்து காட்டும் பத்துத் திட்டங்களில் எட்டிலாவது இந்தப் பிழை இருக்கும் என்று துணிந்து சொல்வேன், ஏனென்றால் மாற்றாட்களின் பெயர் எந்தப் பேட்ச்சிலும் இருப்பதில்லை. தீர்வு எளிது: மாற்றாட்களின் வேலை நேரத்தை 9:00 முதல் 5:30 வரை என்று வையுங்கள். அப்போது 1:50 முதல் 2:20 வரை அவர்கள் சாப்பிடலாம், எல்லையும் மீறப்படாது.

மாற்றாளுக்கு அந்த இயந்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் "பக்கத்து மெஷின்காரர் இரண்டையும் பார்த்துக்கொள்வார்" என்ற ஏற்பாட்டை மாற்றாள் என்று எண்ணாதீர்கள். பிரஸ், கிரைண்டிங், கட்டிங் போன்ற இடங்களில் இப்படி ஒருவர் இரண்டைப் பார்க்கும்போது விபத்து ஆபத்து கூடும்.

எந்தப் பேட்ச்சில் யார் என்பதும் முக்கியம். 11:30 பேட்ச் யாருக்கும் பிடிக்காது. பசி வந்திருக்காது, பிற்பகல் நீளும். அதை எப்போதும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கோ வடமாநிலத் தொழிலாளர்களுக்கோ தள்ளிவிடும் வழக்கம் நம் வட்டாரத்தில் பரவலாக இருக்கிறது. இது நியாயமில்லை என்பது ஒருபுறம். மொழி தெரியாதவர்கள் ஒரே பேட்ச்சில் போய்த் திரும்பும்போது ஒப்படைப்புக் குறிப்பு தவறிப்போவது மறுபுறம். மாதத்துக்கு ஒருமுறை பேட்ச்கள் சுழலும்படி முன்கூட்டியே அட்டவணை போட்டு, அந்தச் சுழற்சியையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

6. நேரத்தை உறுதி செய்யுமுன் சாப்பிடுபவர்களைக் கேளுங்கள்

கேட்பதை இந்த இடத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லைகளும் பேட்ச்களும் தெரியுமுன் கேட்டால், தர முடியாததை எல்லாம் கேட்பார்கள். நோட்டீஸ் ஒட்டிய பின் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் கேள்வி, "காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?" பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸிலும் வேனிலும் வருபவர்கள் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்; அவர்களில் பல பெண்கள் சமைத்து, டப்பா கட்டிவிட்டு, சாப்பிடாமலே வண்டி ஏறுகிறார்கள். உங்கள் கேட் பதிவில் அவர்களின் நாள் 8:30க்குத் தொடங்குகிறது. வயிற்றின் கணக்கு வேறு. அவர்களை 1:15 பேட்ச்சில் போட்டால் பதினோரு மணிக்கு மேல் தலைசுற்றலும் கவனப் பிழையும் வரும். தூரத்திலிருந்து வருபவர்களை முதல் இரண்டு பேட்ச்களில் வைப்பதும், ஷிப்ட் தொடங்குமுன் பத்து நிமிடம் சாப்பிட இடம் கொடுப்பதும் செலவில்லாத ஏற்பாடுகள்.

இரண்டாவது, மருந்து. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது ஆபத்து. பலர் முன்னால் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். தனியே கேளுங்கள், எழுதி வைத்து அவர்களின் பேட்ச்சைச் சுழற்சியிலிருந்து விலக்குங்கள்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டியவர்கள் இருந்தால், அன்று மட்டும் அவர்களுக்குப் பள்ளிவாசலின் தொழுகை நேரத்தோடு ஒத்துப்போகும் பேட்ச்சைக் கொடுங்கள். போய்வரும் தூரத்தைப் பார்த்து இடைவேளை ஒரு மணி நேரமானால், மாலையில் அந்த அரை மணியை ஈடுகட்டும் நேரத்தையும் அறிவிப்பில் சேருங்கள். வாரந்தோறும் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு நிற்கும் நிலையை வைக்காதீர்கள்.

நான்காவது, பாலூட்டும் தாய்மார். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை மகப்பேறு பற்றிய சட்டம் தருகிறது. அவை சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமானவை. அதிலிருந்து கழித்துக்கொள்ளக் கூடியவை அல்ல. இதைத் தெரியாமல் "சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டு வா" என்று அனுப்பும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

7. மாற்றமாக இருந்தால், நோட்டீஸ் கொடுத்து 21 நாள் பொறுங்கள்

புதிய நிறுவனமானால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். ஏற்கெனவே ஒரு நேரம் நடைமுறையில் இருந்து அதை மாற்றுகிறீர்கள் என்றால் தாண்ட முடியாது.

வேலை நேரமும் ஓய்வு இடைவேளையும், முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றக் கூடாத பணி நிபந்தனைகளின் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டவை. 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவும் நான்காம் அட்டவணையும் இதைச் சொல்லின. இப்போதைய தொழில் உறவுகள் தொகுப்பும் 40ஆம் பிரிவிலும் மூன்றாம் அட்டவணையிலும் அதையே சொல்கிறது. பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து 21 நாட்கள் கழியுமுன் மாற்றத்தைச் செயல்படுத்தக் கூடாது. தொழிலாளர்களோடு எட்டிய ஒப்பந்தத்தின்படி நடக்கும் மாற்றத்துக்கு இந்த நோட்டீஸ் தேவையில்லை. சங்கம் இருக்கும் இடங்களில் உட்கார்ந்து பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவது விரைவு, நல்லுறவும் கெடாது.

நோட்டீஸில் நான்கு விவரங்கள் போதும்: இப்போதைய நேரம், புதிய நேரம், காரணம், தொடங்கும் தேதி. காரணத்தை "நிர்வாக வசதி கருதி" என்று எழுதாதீர்கள். "உணவுக்கூடத்தில் 30 இருக்கைகளே இருப்பதால் இரு பேட்ச்களாகப் பிரிக்கிறோம்" என்று எழுதினால் பாதி எதிர்ப்பு அப்போதே தணியும்.

திங்கட்கிழமை தோன்றிய யோசனையை வியாழக்கிழமை அமல்படுத்தத் துடிக்கும் முதலாளிகளுக்கு இந்த 21 நாட்கள் எரிச்சலூட்டும். ஆனால் குழாய் போடவும், மாற்றாட்களுக்கு இயந்திரம் பழக்கவும் எப்படியும் அவ்வளவு நாள் ஆகும்.

8. அறிவிப்பை பேட்ச் வாரியாக எழுதி ஒட்டுங்கள்

தொழிற்சாலையில் வேலை நேர அறிவிப்பைப் பார்வையில் படும்படி ஒட்ட வேண்டும் என்பதும், அதில் உள்ளபடி அன்றி யாரையும் வேலை செய்யச் சொல்லவோ அனுமதிக்கவோ கூடாது என்பதும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61, 63ஆம் பிரிவுகளின் சாரம். 'அனுமதிக்கவோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். "அவராகத்தான் சாப்பிடாமல் வேலை பார்த்தார்" என்ற பதில் தொழிற்சாலை ஆய்வாளரிடம் எடுபடாது.

எல்லோருக்கும் ஒரே நேரம் இல்லாவிட்டால், வேலையின் தன்மைப்படி குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், எப்போது வேலை, எப்போது இடைவேளை என்று காட்ட வேண்டும். "சாப்பாடு 11:30 முதல் 2:20 வரை" என்று ஒற்றை வரியில் எழுதி ஒட்டுவது மிகப் பரவலான தவறு. அது யாருடைய இடைவேளையையும் சொல்லவில்லை. மாற்றம் செய்யுமுன் புதிய அறிவிப்பின் இரண்டு நகல்கள் ஆய்வாளருக்குப் போக வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். முந்தைய மாற்றம் நடந்து ஒரு வாரம் ஆகுமுன் அவருடைய முன் அனுமதியின்றி அடுத்த மாற்றம் செய்யக் கூடாது என்றும் அது சொன்னது.

ஆங்கிலமும் பெரும்பாலோர்க்குத் தெரிந்த மொழியும் அந்தச் சட்டத்துக்குப் போதுமானவை. ஓசூரில் வேலைக்கு அது போதாது. தமிழோடு இந்தியிலும், தேவைப்படும் இடங்களில் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். பேட்ச்களுக்கு எழுத்துக்குப் பதில் நிறம் வைத்தால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். டோக்கனிலும் அதே நிறத்தை ஒட்டிவிடலாம்.

9. முதல் வாரத்தில் சூப்பர்வைசரைக் கண்காணியுங்கள்

புதிய நேரம் தொடங்கியதும் எல்லோரும் தாமதமாகத் திரும்பும் தொழிலாளியையே கவனிக்கிறார்கள். திட்டம் உடைவது பெரும்பாலும் மாற்றாளைத் தாமதமாக அனுப்பும் சூப்பர்வைசரிடம். "இந்த லாட் முடிந்ததும் போகலாம்" என்ற ஒரு வாக்கியத்தால் முதல் பேட்ச் பத்து நிமிடம் பிந்தும். அந்தப் பத்து நிமிடத்தோடு அடுத்த மூன்று பேட்ச்சிலும் ஐந்தைந்து நிமிடம் ஏறினால், 1:15க்குப் போக வேண்டியவர் 1:40க்குப் போவார். அவர் 8:30க்கு வந்தவர் என்றால் எல்லை கடந்துவிட்டது.

ஒரு பேட்ச்சுக்கு ஒரு வரியாகத் தாள் போடுங்கள்: மாற்றாள் வந்த நேரம், கடைசி ஆள் நகர்ந்த நேரம், கடைசி ஆள் திரும்பிய நேரம். இம்மூன்றைப் பார்த்தால் தாமதம் யாருடையது என்பது தெரிந்துவிடும். தாமதமாகத் திரும்புபவருக்கு மெமோ எழுதுமுன், அவர் எப்போது விடுவிக்கப்பட்டார் என்ற கட்டத்தைப் பாருங்கள்.

10. மின்தடை, ஓவர்டைம், அவசர ஆர்டர்

நன்றாகப் போட்ட திட்டமும் உடையும் இடங்கள் இவை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிற்கும்போதோ, பத்தரை மணிக்கு எதிர்பாராமல் கரண்ட் போகும்போதோ "எல்லோரும் இப்போதே சாப்பிட்டுவிடுங்கள்" என்று சொல்வது நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கம். பத்தரைக்குச் சாப்பிட்டவர் பதினொன்று முதல் ஐந்து வரை ஆறு மணி நேரம் வேலை செய்ய நேரும். அறிவிப்புக்கும் அது மாறானது. பராமரிப்பு நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிப்பதால், அந்த நாளுக்கென்று தனி வேலை நேரத்தை முன்கூட்டியே திட்டமிட்டு, ஆய்வாளரின் முன் அனுமதியும் வாங்கிவிடலாம். எதிர்பாராத மின்தடையில் சாப்பாட்டு நேரத்தைத் தொடாதீர்கள். சுத்தம் செய்தல், பொருள் அடுக்குதல், பயிற்சி என்று வேறு வேலை கொடுங்கள்.

ஓவர்டைம் நாளில் இரண்டாம் படியின் கணக்கை மீண்டும் போட வேண்டும். 12:35க்குத் திரும்பியவருக்கு அடுத்த ஐந்து மணி 5:35க்கு முடிகிறது. அவரை ஏழு மணி வரை நிறுத்துவதானால் 5:35க்குள் இன்னொரு அரை மணி கொடுத்தாக வேண்டும். ஒரு வடையும் டீயும் கையில் கொடுத்து மெஷினருகே நிற்க வைப்பது அதற்கு ஈடாகாது. 11:30 பேட்ச்காரர் 5:00 மணிக்கே எல்லையைத் தொட்டுவிடுவதால், இடைவேளையின்றி அவரை ஒரு நிமிடமும் கூடுதலாக நிறுத்த முடியாது. இடைவேளைகள் உட்பட நாள் பத்தரை மணி நேரத்துக்கு மேல் விரியக் கூடாது என்பது பழைய சட்டத்தின் அளவு. 8:30க்கு வந்தவருக்கு அது மாலை 7:00.

அவசர ஆர்டருக்காகச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரை வேலை வாங்கினால், அது வேலை நேரம். அதற்கு ஊதியம் எழுதுங்கள். வேறு நேரத்தில் முழு அரை மணியும் கொடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே போனை எடுக்கச் சொல்லப்பட்ட ஸ்டோர்ஸ் ஆளும், தட்டோடு கேட்டில் உட்கார வைக்கப்பட்ட செக்யூரிட்டியும் இந்தக் கணக்கில் வருகிறார்கள்.

11. கடைகளுக்கு மட்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள ஜவுளி, பாத்திர, மருந்துக் கடைகளில் பேட்ச் என்ற பேச்சு கிடையாது; கூட்டம் குறைந்தால் சாப்பாடு, குறையாவிட்டால் மூன்றரை மணி. காலை 9:30க்கு வந்த விற்பனையாளர் 1:30க்குள் சாப்பிடப் போயிருக்க வேண்டும், அவருக்கு முழு ஒரு மணி நேரம் உண்டு என்பதே கணக்கு. ஒன்பது பேர் உள்ள கடையில் 11:30, 12:30, 1:30 என்று மூன்று மூன்று பேராக அனுப்பினால் எந்நேரமும் ஆறு பேர் கவுண்டரில் இருப்பார்கள். முகூர்த்த நாட்களிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் முதலாளியின் குடும்பத்தார் கல்லாவுக்கு வந்து நின்றால் இந்த அட்டவணை தாங்கும். வரமாட்டார்கள் என்றால் அந்த வாரங்களுக்கு மட்டும் தற்காலிக ஆட்களைப் போடுங்கள். ஒரு மணி நேர இடைவேளையில் ஊழியரை மாடியில் சரக்கு மடிக்கச் சொல்வது இடைவேளை ஆகாது.

2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டுக் கடைகளில் ஊழியர் உட்கார இருக்கை வைப்பது கட்டாயம். அது வேலை நேரத்துக்கான வசதி. இருக்கை கொடுத்துவிட்டோம் என்று சாப்பாட்டு மணியைக் குறைக்க முடியாது.

12. பதிவுகளைச் சேர்த்து வையுங்கள்

நோட்டீஸின் நகல், தொழிலாளர்கள் பெற்றதற்கான கையெழுத்து, ஆய்வாளர் அலுவலகத்தின் பெற்றுக்கொண்ட முத்திரை, ஒட்டிய அறிவிப்பின் தேதியிட்ட புகைப்படம், பேட்ச் தாள்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். அறிவித்த நேரத்தில் இடைவேளை கொடுக்க முடியாத விலக்கு நாட்களுக்குத் தனிப் பக்கம் வேண்டும்: தேதி, யார், என்ன காரணம், ஈடான இடைவேளை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது. மாத இறுதியில் அந்தப் பக்கத்தில் ஒரே இயந்திரத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இயந்திரத்துக்கு மாற்றாள் போதவில்லை என்று பொருள். ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த ஒரு பேட்ச்சை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள்.